கேமராவை யூஎஸ்பியில் செருகினால் கம்ப்யூட்டரில் ஒன்றுமே வரவில்லையா?

கேபிளைச் செருகியதும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'டிங்' என்று ஒரு சத்தம் வருகிறதா, இல்லையா? ஸ்பீக்கரைக் கூட்டி வைத்துவிட்டு முதலில் இதைக் கவனியுங்கள். சத்தம் வந்தால் பெரும்பாலும் கேபிளும் போர்ட்டும் வேலை செய்கின்றன, விஷயம் செட்டிங்கிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. வரவில்லை என்றால் விண்டோஸைத் தொடாதீர்கள், கேமரா, கேபிள் பக்கம் பாருங்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் நேரே டிரைவரை (கேமராவைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கும் மென்பொருளை) தேடி இறங்குவதில்தான் ராத்திரி முழுக்கப் போய்விடுகிறது.

சத்தம் வராதவர்கள் கேமராவை ஆன் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். செருகினால் தானாக ஆன் ஆகும் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் சுவிட்சை நாம்தான் திருப்ப வேண்டும். பேட்டரி முழுதாக இருக்கட்டும், ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தையும் கூட்டி வையுங்கள்.

அடுத்தது கேபிள், பாதிப் பிரச்சினை இதில்தான். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நாலு கம்பி உண்டு: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. பவர் பேங்க்கோடும் ஹெட்போனோடும் வரும் சில கேபிள்களில் டேட்டா கம்பி இரண்டும் கிடையாது, சார்ஜ் மட்டும்தான் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் கேமராவாக இருந்தால் சார்ஜ் விளக்கு வேறு எரியும், கேபிள் நல்லாத்தானே இருக்கிறது என்று நாமும் நம்பிவிடுவோம். மைக்ரோ யூஎஸ்பி அல்லது சி டைப் என்றால் அதே கேபிளில் ஒரு ஆண்ட்ராய்டு போனைச் செருகி, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்ற தேர்வு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தக் கேபிளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பழைய கேமராக்களில் இருக்கும் மினி யூஎஸ்பிக்கு வேறொரு கேபிளை மாற்றிப் பார்ப்பதே சுலபம். அப்புறம், ஹப்பும் கேபினட்டின் முன்பக்க போர்ட்டும் வேண்டாம், பின்பக்கம் மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? கேமராவில் வைஃபை ஆன் ஆகியிருக்கலாம். அக்கா மகள் காதுகுத்துக்குக் கேனான் 1300டியில் எடுத்த படங்களை இறக்க உட்கார்ந்து, இரண்டு கேபிள் மாற்றி, லேப்டாப்பையும் மாற்றி, கடைசியில்தான் தெரிந்தது: மண்டபத்திலேயே நாலு படத்தைப் போனுக்கு அனுப்புவதற்காக வைஃபையை ஆன் செய்திருந்தேன், அணைக்கவே இல்லை. வைஃபை எனேபிளில் இருக்கும்வரை அந்த கேமரா கேபிள் வழியே கம்ப்யூட்டரோடு பேசாது. 70டி, 80டி மாதிரி இன்னும் பல கேனான்களும் அப்படித்தான். மெனுவில் டிஸேபிள் செய்துவிட்டு மறுபடி செருகினால் வந்துவிடும்.

சரி, சத்தம் வருகிறது, ஆனால் படங்களைக் காணோம் என்பவர்கள் பென்டிரைவ் மாதிரி இ, எஃப் என்று ஒரு டிரைவ் எழுத்தைத் தேடாதீர்கள். கேனான் போன்றவை படங்களை அனுப்புவதற்கென்றே இருக்கும் பிடிபி (PTP) என்ற முறையில் இணைகின்றன. 'திஸ் பிசி'க்குள் கேமராவின் பெயரிலேயே ஒரு ஐகான் இருக்கும். மேக்கில் ஃபைண்டரில் வராது, 'இமேஜ் கேப்சர்' செயலியைத் திறந்து பாருங்கள். சோனியில் யூஎஸ்பி கனெக்ஷன் என்ற மெனு 'பிசி ரிமோட்'டில் இருந்தால் படங்கள் தெரியாது, 'மாஸ் ஸ்டோரேஜ்' (பென்டிரைவ் மாதிரி இணைவது) அல்லது எம்டிபிக்கு (MTP, பிடிபி மாதிரியே இன்னொரு முறை) மாற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் அதே மெனுவில் இருக்கும் யூஎஸ்பி எல்யூஎன் (USB LUN) செட்டிங்கை 'சிங்கிள்' ஆக்கிப் பாருங்கள்.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். கேமரா பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்து, கேபிளைப் பிடுங்கி, ரீஸ்டார்ட் செய்து, திரும்பச் செருகுங்கள். தேவையான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது; டிரைவர் தருகிறேன் என்று கூப்பிடும் தளங்களில் எதையும் இறக்காதீர்கள். 'அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்' என்று வந்தால் மறுபடி கேபிள், போர்ட் பக்கமே போங்கள். மீடியா வசதிகள் இல்லாமல் வரும் விண்டோஸ் 'என்' (N) பதிப்பு வைத்திருப்பவர்கள் மீடியா ஃபீச்சர் பேக்கைத் தனியாகப் போட வேண்டும், அது இல்லாமல் பிடிபியும் எம்டிபியும் ஓடாது.

எதுவுமே ஆகவில்லையா, மெமரி கார்டைக் கழற்றி ஒரு கார்டு ரீடரில் போடுங்கள். அவசர வேலை என்றால் முதலிலேயே இதைச் செய்வேன், கேபிளைவிட வேகமாகவும் இறங்கும். ஆனால் கார்டைப் போட்டதும் 'ஃபார்மேட் செய்யவா' என்று கம்ப்யூட்டர் கேட்டால் தயவுசெய்து சரி என்று அழுத்திவிடாதீர்கள். கார்டை எடுத்துக் கேமராவில் போட்டு, படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் ரீடரில்தான் கோளாறு, வேறு ரீடர் போதும். அங்கேயும் தெரியாவிட்டால் அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் ஹார்ட் டிஸ்கில் சேமியுங்கள்.