மரத்தூள் இழுக்கிற மெஷின் வாங்குறப்போ எங்கெல்லாம் சறுக்குறாங்க

கார் ஷெட்லயோ மொட்டை மாடி ரூம்லயோ சின்னதா தச்சுப் பட்டறை போடுறவங்க மரம் அறுக்கிற டேபிள் சா, விளிம்புல டிசைன் வெட்டுற ரவுட்டர், தேய்ச்சு வழவழப்பாக்குற சாண்டர்னு ஒவ்வொண்ணா தேடித்தேடி வாங்குவாங்க, டஸ்ட் கலெக்டர் மட்டும் கடைசில கையில மிச்சமிருக்கிற காசுக்கு, அதுவும் டப்பால எத்தனை ஹெச்பினு மட்டும் பாத்து. முதல் தப்பே அதான். ஹெச்பிய விட மெஷின் வாய்கிட்ட எவ்வளவு காத்து இழுக்குது, இழுத்த நைஸ் தூள் எங்க போகுது, இது ரெண்டுதான் முக்கியம்.

டப்பால போட்டிருக்கிற சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துங்கிற நம்பர், பெரும்பாலும் ஹோஸ் மாட்டாம புது பையோட அளந்தது, பைப்பும் வளைவும் சேர்ந்ததும் அதுல பாதி நின்னாலே சந்தோஷம். அமெரிக்கா வீடியோ பாத்து வாங்குறவங்களுக்கு இன்னொண்ணு, அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், மோட்டார் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 3450 சுத்து சுத்தும், நம்ம 50 ஹெர்ட்ஸ்ல அதே மாதிரி மோட்டார் 2850தான், அதனால அங்க சொல்ற நம்பர் இங்க அப்படியே வராது.

ஷாப் வேக்கே, அதாவது பட்டறைக்கான வேக்யூம் கிளீனரே போதும்னு நினைக்கிறதும் உண்டு. சாண்டருக்கு ரவுட்டருக்கு போதும்தான், ஆனா இழைப்பு மெஷினுக்கு 400 சிஎஃப்எம் பக்கம் வேணும், ஷாப் வேக் 150 தாண்டுறதே கஷ்டம். ஊதாங்குழல் காத்தும் சீலிங் ஃபேன் காத்தும் ஒண்ணாகுமா.

பெரிய தப்புன்னா ஃபில்டர்தான். விலை கம்மி மெஷின்ல வர்ற துணிப் பை 30 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), சீவல் எல்லாம் உள்ள நிக்கும், நுரையீரலுக்குள்ள போற நைஸ் தூள் துணி வழியா வெளிய வந்து ரூம் பூரா மணிக்கணக்கா மிதக்கும், தரை சுத்தமா இருக்கிறதால நமக்கு தெரியவே தெரியாது. மரத்தூளை புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஐஏஆர்சி 1995லயே முதல் குரூப்ல போட்டாச்சு, முக்கியமா மூக்கு, சைனஸ் பக்கம் வர்ற கேன்சர். அதனால 1 மைக்ரான் இல்ல அதுக்கும் நைஸா பிடிக்கிற ஃபில்டர், முடிஞ்சா ஹெபா, அதாவது ரொம்ப ரொம்ப நைஸ் தூளையும் பிடிக்கிற ஃபில்டர். இல்லன்னா சுவத்துல ஓட்டை போட்டு பைப்பை நேரா வெளிய விட்டுடலாம், குளிர் நாட்டுல ஹீட்டர் சூடு போயிடுமேன்னு பயப்படுவாங்க, நமக்கு அந்தக் கவலை இல்ல, பக்கத்து வீட்டுல துணி காயப்போடாம இருந்தா சரி. ஆனா கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு ஓட்டாதீங்க, உள்ள காத்து வர வழி இல்லன்னா இழுவை விழுந்துடும்.

பைப் விஷயம். 4 இன்ச்ச 2.5 இன்ச்சா சுருக்கினா வழி நாப்பது சதவீதம்கூட மிஞ்சாது. அதுக்காக சின்ன மெஷினுக்கு 6 இன்ச் போட்டா காத்து வேகம் குறைஞ்சு சீவல் பைப்லயே படுத்துக்கும், வேகம் செகண்டுக்கு 20 மீட்டர் பக்கம் இருக்கணும். 90 டிகிரி எல்போக்கு பதில் ரெண்டு 45 போடுங்க, சுருக்கம் சுருக்கமா இருக்கிற ஃப்ளெக்சிபிள் ஹோஸ் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது.

ஷாப் வேக்குக்கு முன்னாடி, காத்தைச் சுழல விட்டு தூளை கீழ பக்கெட்ல தள்ளுற ஒரு சைக்ளோன் வைக்கிறது நல்ல ஐடியாதான், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது, ஆனா மெல்லிசு பெயிண்ட் பக்கெட்ல மாட்டாதீங்க, ஹோஸ் அடைச்சா பக்கெட் உள்ள ஒடுங்கிடும்.

2 ஹெச்பி கலெக்டர்னா கிட்டத்தட்ட 1.5 கிலோவாட், ஸ்டார்ட் ஆகும்போது அதுக்கு பல மடங்கு இழுக்கும், அதையும் டேபிள் சாவையும் ஒரே லைன்ல போட்டுட்டு எம்சிபி விழுதுன்னு புலம்பாதீங்க, தனி லைன் இழுங்க.

கிரைண்டர்ல இரும்பு ராவும்போது இந்த மெஷினை கிட்டயே கொண்டு போகாதீங்க, பொறி தூளுக்குள்ள போய் கனிஞ்சுக்கிட்டே இருந்து ஆள் இல்லாத நேரத்துல பத்திக்கும். பழைய ஜன்னல் கதவு மரம் அறுக்கிறவங்க ஆணி எல்லாத்தையும் பிடுங்கிட்டு அறுங்க, வேலை முடிஞ்சதும் பையைக் காலி பண்ணி தூளை வீட்டுக்கு வெளிய வைங்க.