சீன மாணவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு தயாரிக்கிறீர்களா? நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் இரண்டு ஆய்வு மாணவர்கள் ஒரு வினாத்தாளை அனுப்பி, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சீனாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில், முதலாண்டும் இரண்டாமாண்டும் படிக்கிற பிள்ளைகளின் ஆங்கிலக் கேட்டல் திறனையும் வாசிப்புத் திறனையும் அளக்கப் போகிறார்களாம். ஆசையாகத்தான் திறந்தேன், இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். கேட்டல் பகுதியில் ஒவ்வொரு ஆப்ஷனும் இரண்டு வரி நீளம். பல வருஷத்துக்கு முன் செஜியாங் மாகாணத்தில் ஒரு பள்ளிக்காக நான் தயாரித்த முதல் தாளும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

எழுத்துப்பிழை, ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடை, ஆடியோவில் கரகரப்பு, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் போய்க் கடைசியில் பிள்ளைகள் தலையில் விடிகிற தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நீங்கள் எந்தத் தேர்வை வைத்தாலும் அந்தப் பிள்ளைகள் அதைக் காவ்காவ் பழக்கத்தோடுதான் எழுதுவார்கள். காவ்காவ் என்பது ஒவ்வொரு வருஷமும் ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் கல்லூரி நுழைவுத் தேர்வு. 2024-இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். ஆங்கிலத் தாள் 8-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு, இரண்டு மணி நேரம், 150 மதிப்பெண். பெரும்பாலான மாகாணங்கள் எழுதுகிற தேசியத் தாளில் கேட்டலுக்கு 20 கேள்வி, 30 மதிப்பெண். வாசிப்புக்கும் 20 கேள்விதான், ஆனால் 50 மதிப்பெண்: நான்கு பத்திகளுக்கு 15 கேள்வி, அப்புறம் ஏழு வாக்கியங்களில் ஐந்தைப் பொறுக்கி இடைவெளிகளில் பொருத்துகிற 5 கேள்வி. கேட்டலில் முதல் ஐந்து சின்ன உரையாடல்கள் ஒரே தடவைதான் ஒலிக்கும், அதற்குப் பின் வருகிற நீளமானவை இரண்டு தடவை. இந்த அமைப்பு அந்தப் பிள்ளைகளின் விரல் நுனியில் இருக்கும். அது தெரியாமல் அவர்களுக்கு வினாத்தாள் தயாரிக்க உட்காராதீர்கள்.

கேட்டல் தேர்வு என்று சொல்லி வாசிப்புத் தேர்வு வைப்பது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த முதல் தாளில் கேட்டலுக்கு 24 கேள்விகள் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆப்ஷன், ஒவ்வொரு ஆப்ஷனும் கிட்டத்தட்ட 15 சொல். நீளமாக இருந்தால் தரமாக இருக்கும் என்று நம்பினேன். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் எட்டு விநாடி விட்டிருந்தேன், அது தாராளம் என்றும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ஆப்ஷனுக்கு 60 சொல், கேள்விக்கு ஒரு 10 சொல், மொத்தம் 70. எட்டு விநாடியில் 70 சொல் என்றால் நிமிஷத்துக்கு 525 சொல். தாய்மொழியில்கூட நிதானமாகப் படிப்பவர் யாரும் அந்த வேகத்தில் படிப்பதில்லை. இரண்டாம் மொழியில், காதில் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும்போது, பதினாறு வயதுப் பிள்ளை அதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

காவ்காவ் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டல் பகுதி தொடங்கும் முன் மாதிரிக்கு ஒரு கேள்வி வரும்: சட்டையின் விலை என்ன? கீழே மூன்று விலைகள் இருக்கும், அவற்றில் 9 பவுண்டு 15 பென்ஸ் சரியான விடை. வருஷா வருஷம் அதே சட்டை, அதே விலை. சீனாவில் அந்தத் தேர்வை எழுதிய யாரிடமும் சட்டை விலையைக் கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மாதிரிக் கேள்வியில் ஒரு பாடம் இருக்கிறது, நான் அதைக் கவனிக்கவில்லை. ஆப்ஷன் மூன்றுதான், ஒவ்வொன்றும் ஒரு பார்வையில் முடிந்துவிடும். பிள்ளை படிப்பதில் சிக்கிக்கொள்ளாமல் கேட்பதற்கு அதுதான் வழி விடுகிறது.

சரி, என் தாளில் என்ன நடந்தது? வாசிப்பில் நன்றாகச் செய்தவர்கள் கேட்டலிலும் நன்றாகச் செய்திருந்தார்கள், வாசிப்பில் பின்தங்கியவர்கள் கேட்டலிலும் பின்தங்கியிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு திறனும் கைகோத்து வளர்கின்றன என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். பள்ளி அந்த அறிக்கையை நம்பியது. ஒரு கோட்டைப் போட்டு, கேட்டலில் அதற்குக் கீழே இருந்தவர்களை மாலை வகுப்பில் தனியாக உட்காரவைத்து, தினமும் நாற்பது நிமிஷம் ஆடியோ கேட்கும் பயிற்சி கொடுத்தது. அந்த அரையாண்டு முழுக்க.

அந்தக் குழுவில் ஜன்னல் ஓரம் உட்காரும் ஒரு பெண் இருந்தாள். 24-க்கு 9 வாங்கியிருந்தாள். ஆனால் நடைவழியில் பார்த்து நான் ஆங்கிலத்தில் எது கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்வாள். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, இருந்தும் தேர்வைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை, அவள் அன்று சரியாகத் தூங்கியிருக்கமாட்டாள் என்று விட்டுவிட்டேன். அரையாண்டு முடியும் தறுவாயில்தான் ஒரு நாள் அவளை உட்காரவைத்து, அதே உரையாடலைப் போட்டுவிட்டு, வினாத்தாளைக் கொடுக்காமல், என்ன கேட்டாய், சீனத்திலேயே சொல் என்றேன். முழுதும் சொன்னாள். யார் தாமதமாக வந்தது, ஏன், ரயில் எந்த நடைமேடைக்கு மாறியது, கடைசியில் அந்த நண்பன் என்ன உதவி செய்வதாகச் சொன்னான், ஒன்றும் விடுபடவில்லை. அப்புறம் வினாத்தாளைக் கொடுத்து மறுபடி போட்டேன். முதல் ஆப்ஷனுக்கு அடியில் விரலை வைத்துச் சொல் சொல்லாக நகர்ந்தாள். ஆடியோ அடுத்த கேள்விக்குப் போனபோது விரல் இரண்டாவது ஆப்ஷனின் நடுவில் இருந்தது. அவளுக்குக் காது நன்றாகவே கேட்டுப் பழகியிருந்தது, படிப்பதில்தான் வேகம் போதவில்லை. நாங்களோ நான்கு மாதத்துக்கு மேலாக அவளுக்கு ஆடியோ போட்டுக்கொண்டிருந்தோம்.

பள்ளியிடம் போய்ச் சொன்னேன். அடுத்த பருவத்துக்குப் பட்டியலை மாற்றினார்கள். ஆனால் போன மாலைகள் போனதுதான். இரண்டாமாண்டுப் பிள்ளைக்கு நான்கு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை, அடுத்த வருஷம் காவ்காவ்.

இதை எடுத்துச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் குரோன்பாக் ஆல்ஃபா என்கிற நம்பகத்தன்மை எண்ணைக் காட்டுகிறார்கள். 0.8-க்கு மேல் வந்திருக்கிறது, தேர்வு நம்பகமானதுதான் என்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அந்த எண் சொல்லும். 24 கேள்வியும் சேர்ந்து வாசிப்பு வேகத்தையே அளந்தாலும் அது அழகாக உயர்ந்துதான் நிற்கும். என் தாளிலும் அப்படித்தான் உயர்ந்து நின்றது.

என்ன செய்யலாம் என்றால், கேட்டலில் ஆப்ஷனை ஐந்தாறு சொல்லுக்குள் நிறுத்துங்கள், மூன்று ஆப்ஷன் போதும். உங்கள் நோக்கம் கேட்டல் திறனை மட்டும் பிரித்து அளப்பது என்றால் கேள்வியையும் ஆப்ஷனையும் சீனத்திலேயே கொடுங்கள், அல்லது கேட்டதைச் சீனத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். காவ்காவில் எவ்வளவு வாங்குவார்கள் என்று கணிப்பதுதான் நோக்கம் என்றால் கேள்வி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே அப்படித்தான் இருக்கிறது. இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஒரே தாளில் இரண்டையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். அப்புறம் ஒரு எளிய சோதனை: ஆடியோ இல்லாமல் வினாத்தாளை மட்டும் இரண்டு மூன்று மாணவர்களிடம் கொடுத்து, நீங்கள் விட்டிருக்கும் இடைவெளிக்குள் கேள்வியையும் ஆப்ஷனையும் படித்து முடிக்கிறார்களா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் தாளைத் திருத்தாமல் வகுப்புக்குள் போகாதீர்கள்.

மூன்று நிமிஷ உரையைப் போட்டுவிட்டு, முதல் இருபது விநாடியில் வந்த ஒரு எண்ணைக் கடைசியில் கேட்பதும் இதே வகைதான். அது ஞாபகத்துக்கு வைக்கிற தேர்வு.

பத்தியைப் படிக்காமலே விடை சொல்ல முடிகிற கேள்விகள்

சீனப் பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு போலச் சொல்கிற ஒரு சூத்திரம் உண்டு: மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு, மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு. கேட்கும்போது விளையாட்டாகத் தோன்றும், ஆனால் சரியான விடையைத் துல்லியமாக எழுத வேண்டும் என்று நாம் அதில் ஒவ்வொரு நிபந்தனையாகச் சேர்ப்போம், அது தானாக நீண்டுவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு அது போதும். "எப்போதும்", "ஒருபோதும்" என்று அடித்துச் சொல்கிற ஆப்ஷனைப் படித்த கையோடு வெட்டிவிடுவார்கள். ஒரு தடவை என் வாசிப்புக் கேள்விகள் இருபதைப் பத்தி எதுவும் கொடுக்காமல் வேறொரு வகுப்பில் வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் ஐந்து சரியாக வரும். பாதிப் பேர் ஒன்பது, பத்து வாங்கினார்கள்.

இன்னொன்று, கேள்வியை முதலில் படித்து, அதில் உள்ள முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடிட்டு, பத்தியில் அதே சொல் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் படிக்கிற பழக்கம் அவர்களுக்கு நன்றாகக் கைவந்திருக்கும். பத்தியின் சொல்லையே சரியான விடையிலும் போட்டால், முழுப் பத்தியையும் படித்தவரும் ஒரு வரியைப் படித்தவரும் ஒரே மதிப்பெண் வாங்குவார்கள். சரியான விடையை வேறு சொற்களில் சொல்லுங்கள். பத்தியின் சொற்களைத் தவறான ஆப்ஷன்களில் வையுங்கள்.

பழைய காவ்காவ் பத்தியை அப்படியே எடுத்துப் போடுவது

ஏற்கனவே போட்டுப் பார்த்திருப்பார்கள். மூன்றாமாண்டு என்றால் இரண்டு தடவை.

எல்லா மாகாணமும் ஒன்று என்று நினைப்பது

செஜியாங்கிலும் ஷாங்காயிலும் ஆங்கிலத்தை ஜனவரியில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை எழுதி, கூடுதலாக வந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளலாம். பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலையும் பேச்சையும் சேர்த்துக் கணினியில் வைக்கிறார்கள், 150-இல் 50 அதற்குத்தான். இன்னொரு பக்கம், சில மாகாணங்களில் நீண்ட காலம் கேட்டல் மதிப்பெண் மொத்தத்தில் சேராமல் இருந்தது. மீதியுள்ள 120-ஐ 1.25-ஆல் பெருக்கி 150 ஆக்கினார்கள். மதிப்பெண் தராத பகுதிக்கு எந்த ஆசிரியர் வகுப்பு நேரத்தைச் செலவு செய்வார்? அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை கேட்டலில் 10 வாங்குவதும் ஷாங்காய்ப் பிள்ளை 10 வாங்குவதும் ஒன்று ஆகாது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளை ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுப்பதற்கு முன், அவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கேட்டல் பாடம் நடந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

சொற்பட்டியலை மட்டும் நம்புவது

பாடத்திட்டத்துக்குச் சொற்பட்டியல் இருக்கிறது, அதற்குள் இல்லாத சொல் வந்தால் காவ்காவ் தாளிலேயே பக்கத்தில் சீன அர்த்தம் போட்டிருப்பார்கள். நல்ல ஏற்பாடு, நீங்களும் செய்யுங்கள். ஆனால் பட்டியலில் இருக்கிற சொல் என்பதற்காகப் பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். "ரன்" என்றால் ஓடு என்று ஆரம்பப் பள்ளியிலேயே படித்திருப்பார்கள். பத்தியில் ஒரு பாட்டி பேக்கரியை "ரன்" செய்கிறார் என்று வந்ததும், பாட்டி ஏன் பேக்கரியில் ஓடுகிறார் என்று ஒரு பையன் என்னிடம் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான். ஊர் பேர் தெரியாத நீண்ட சொற்களைவிட இந்த மாதிரி மூன்றெழுத்துச் சொற்கள்தான் அதிகம் வழுக்கிவிடும்.

ஒரே உரையாடலில் நான்கு ஆங்கிலப் பெயர்கள்

வேண்டாம். இரண்டு போதும், அதிலும் ஒன்று ஆண் குரல், ஒன்று பெண் குரல்.

இரவுப் படிப்பு நேரத்தில் தேர்வு வைப்பது

காலை ஏழு மணிக்கு முன்பே வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இரவு ஒன்பது மணிக்கு ஆடியோ போட்டால், அவர்கள் எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியவரும். பள்ளி அந்த நேரத்தைத்தான் தரும், ஏனென்றால் அதுதான் காலியாக இருக்கும். கெஞ்சியாவது பிற்பகலில் மதிய உறக்கத்துக்குப் பின் வாங்குங்கள்.

முடிந்ததும் தாள்களைக் கட்டிக்கொண்டு கிளம்புவது

நான்கைந்து மாணவர்களையாவது அன்றைக்கே உட்காரவைத்து, இந்த விடையை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். மறுநாள் கேட்டால் மறந்திருப்பார்கள். தவறாக எழுதியதை மட்டும் கேட்காதீர்கள், சரியாக எழுதியதையும் கேளுங்கள். இரண்டாவது வருஷம் நான் வைத்த தாளில் 13-ஆவது கேள்வி, அந்த ஆளுக்கு என்ன நேர்ந்தது என்பது. ஒரு பையன் சரியாக எழுதியிருந்தான். எப்படி என்றேன். ஆடியோ புரியவில்லை என்றான். பிறகு எப்படி? பக்கத்தைத் திருப்பி 14-ஆவது கேள்வியைக் காட்டினான். அந்த ஆள் ஏன் ரயிலைத் தவறவிட்டார் என்று நானே அங்கே எழுதி வைத்திருந்தேன். அன்று மாலை விடைத்தாள்களை எண்ணிப் பார்த்தபோது 13-ஐ 62 பேர் சரியாக எழுதியிருந்தார்கள். எத்தனை பேர் கேட்டு எழுதினார்கள், எத்தனை பேர் அடுத்த கேள்வியைப் பார்த்து எழுதினார்கள் என்று பிரிக்க வழியில்லாததால், எல்லோருடைய கணக்கிலிருந்தும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு மொத்தத்தை மறுபடி போட்டேன்.