கற்பனை உலகின் மாலுமிகளுக்குக் காற்றடக்கும் சடங்கு அமைக்கும் முறை

மதுரையில் இருந்துகொண்டு கடலோடிகளின் சடங்கை எழுதப் புகுவோருக்குத் தயக்கம் இருப்பது இயல்பே. நம் வைகையின் நீரே பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. ஆயினும் கடலை அடக்கிய கதை இந்த ஊருக்கு உண்டு. ஊரை அழிக்கப் பொங்கி வந்த கடல்மீது உக்கிரபாண்டியன் வேல் எறிய, அது வற்றி அவன் காலடி அளவில் நின்றதாகத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. கரையில் நிற்கும் அரசன் கடலுக்குக் கட்டளையிடலாம். நடுக்கடலில் மரப்பலகையின்மேல் நிற்பவனால் அது இயலாது. ஆகவே உங்கள் கதையின் மாலுமிக்கு வேல் கொடுக்காமல், வேண்டுதலைக் கொடுங்கள்.

அந்த வேண்டுதல் எதற்காக என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடல் அமைதியாக வேண்டும் என்று மட்டும் எழுதுவது, பாய்மரக் கப்பலைப் பற்றி அறியாதவர் செய்யும் பிழை. காற்று அடியோடு நின்றுவிட்டால் கப்பல் நகராது, குடிநீர் தீரும், புயலில் தப்பியவர்கள் தாகத்தால் மாள்வார்கள். எனவே மாலுமி கேட்பது அளவான காற்றை. சடங்கிலும் இவ்விரண்டும் இருக்கட்டும்: காற்றைக் கட்டுவதற்கு ஒரு முடிச்சு, அதை அவிழ்ப்பதற்கு ஒரு நேரம்.

அடுத்து, எந்தக் காற்று என்பதை முடிவுசெய்யுங்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று நம் மொழி நான்கையும் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் உலகிலும் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயரும், அதற்குப் பிடித்த படையலும் பிடிக்காத சொல்லும் இருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கடல் தெய்வத்தைப் படைக்கும் சலிப்பிலிருந்து தப்பலாம்.

படையலைத்தான் மிகவும் யோசித்து அமைக்க வேண்டும். சங்க காலப் பரதவர், சினைச்சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. தொழிலில் கையில் கிடைத்த பொருளே தெய்வமாகிறது. பொன்னும் மணியும் கடலில் கொட்டுவதைவிட இது நம்பும்படியாக இருக்கும். நம் பக்கத்து முளைப்பாரியையும் கப்பலில் ஏற்றிப் பார்க்கலாம். ஊரில் காப்புக் கட்டி, இருட்டறையில் பயறு வகைகளை முளைக்கவிட்டு, நாள்தோறும் நீர் தெளித்து வளர்த்து, விழா முடிவில் நீர்நிலையில் கரைக்கிறோம். கிணறும் கண்மாயும் உள்ள ஊரில் அப்படித் தெளிக்கும் நீர் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஆளுக்கு இத்தனை குவளை என்று அளந்து கொடுக்கும் கப்பலில், ஒவ்வொருவரும் தம் பங்கிலிருந்து ஒரு கை நீரை அடித்தளத்து இருட்டிலுள்ள முளைக்கு ஊற்ற வேண்டும் என்றால், அதுவே பெரும் பலி. முளை வெளிறி நீண்டால் காற்று அடங்கும் என்றும், அழுகினால் யாரோ தம் பங்கை ஊற்றாமல் குடித்துவிட்டார் என்றும் அவர்கள் நம்பட்டும். கதைக்கு வேண்டிய சண்டை அங்கேயே முளைத்துவிடும்.

பூசை செய்பவர் தனியொரு பூசாரியாக இருக்க வேண்டியதில்லை. சுக்கான் பிடிப்பவரே போதும். காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற நம் வழக்கைப் போல, அவர் முளை கரையும் வரை தரையில் கால் வைக்கக் கூடாது என்று விதிக்கலாம்.

சடங்கு சில வேளை பலிக்காமல் போக வேண்டும். வேண்டிக்கொண்டே பாயைச் சுருட்டுபவர்களாகவும், சரக்கை இறுகக் கட்டுபவர்களாகவும் மாலுமிகளைக் காட்டுங்கள். பூசையை முடித்துவிட்டுக் கைகட்டி நிற்கும் கப்பலை எந்த வாசகரும் நம்பமாட்டார்.

மந்திரத்தைக் கடைசியில் எழுதுங்கள். மீனவர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, இழுக்கும் கைகளின் தாளத்துக்கு ஏற்ப அமைந்தது. உங்கள் மந்திரத்தையும் அவ்வாறே ஓர் இழுப்புக்கு ஓரடியாக, மூச்சு வாங்க இடம் விட்டு அமைக்க வேண்டும். எழுதியதும் வீட்டில் ஒரு கயிற்றைத் தூணில் கட்டி, இழுத்துக்கொண்டே உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.