பழைய ஆல்டோவின் பின் சஸ்பென்ஷனை வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி?

மாங்காய் சீசனில் என் 2008 மாடல் ஆல்டோவுக்கு ஓய்வே கிடையாது. காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்பிலிருந்து கிருஷ்ணகிரிக்கு, டிக்கியில் இரண்டு கிரேட், பின் சீட்டை மடித்து இன்னும் மூன்று. இரண்டு வருடங்களுக்கு முன் பின்பக்கம் நன்றாக உட்கார்ந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'டொம்' என்று அடிக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வளைவு திரும்பும்போது வண்டியின் பின்பாகம் ஒரு நொடி தாமதமாகத்தான் கூட வந்தது. அந்த ஒரு நொடி என்னைப் பயமுறுத்தியது.

உங்கள் வண்டிக்கும் மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, டிக்கி பக்கத்து மூலையை நான்கைந்து முறை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றுவிட்டால் ஷாக் அப்சர்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய், சுருக்கமாக ஷாக்) நன்றாக இருக்கிறது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய்க் கசிவு, அதில் மண் ஒட்டிக் கறுத்திருப்பது, இரண்டும் அதே செய்திதான்.

வாங்க வேண்டியவை: கேஸ் நிரப்பிய ஷாக் ஒரு ஜோடி, புது காயில் ஸ்பிரிங் ஒரு ஜோடி, ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் உட்காரும் ரப்பர்கள், பம்ப் ஸ்டாப் (பெரிய குழியில் அச்சு பாடியில் இடிக்காமல் தாங்கும் ரப்பர்), ட்ரெயிலிங் ஆர்ம் (அச்சைப் பாடியோடு நீளவாக்கில் பிணைக்கும் தண்டு) புஷ், லேட்டரல் ராடு (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) புஷ். புஷ் என்பது தண்டின் முனையில், போல்ட் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர். ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. ஷாக்கில் கேப்ரியல் பிராண்ட் எனக்குப் பிடிக்கும். ஸ்பிரிங் மட்டும் கம்பெனி பார்ட்தான் வாங்குவேன். காயிலுக்கு நடுவே சொருகும் ரப்பர் கட்டையைக் கடையில் எடுத்து நீட்டுவார்கள், வேண்டாம். அது இரண்டு சுற்றுகளை அசையவிடாமல் பிடித்துவிடுகிறது. பாரம் முழுவதும் மீதிச் சுற்றுகள் மேல் விழுகிறது. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மருந்து புது ஸ்பிரிங்தான்.

முதல் நாள் இரவே எல்லா போல்ட்டுகளுக்கும் டபிள்யூடி-40 அடித்து விட்டுவிடுங்கள். பதினைந்து வருடத் துரு ஐந்து நிமிடத்தில் இளகாது. ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் இரண்டும் தேவை. ஓப்பன் ஸ்பேனரை இந்த வேலைக்குத் தொடாதீர்கள், போல்ட் தலையை மழித்துவிடும். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு பலத்துக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்) ஒன்று கடனாவது வாங்கிவிடுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி முதல் கியர் போடுங்கள், முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை; அதைத்தான் நாம் தூக்கப் போகிறோம் என்பதால் அது வண்டியைக் காக்காது. ஜாக்கியால் தூக்கியதும் பாடியின் ஜாக்கி பாயிண்ட்டுகளுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக்கூடாது. செங்கல்லும் கூடாது, பாரம் ஏறினால் நொறுங்கும்.

சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஜாக்கியைப் பின் அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். இப்போது இரண்டு ஷாக்குகளின் கீழ் போல்ட்டையும் எடுக்கலாம். ஜாக்கியை மெல்ல இறக்கினால் அச்சு கீழே வரும், காயில் தானாகவே தளர்ந்து கையோடு வந்துவிடும். ஆல்டோவில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதால் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி தேவையில்லை. இறக்கும்போது கண் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) மேலேயே இருக்கட்டும். அது இழுபட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் மேல் நட்டைக் கழற்றிப் பழைய ஷாக்கை எடுத்துவிடலாம்.

புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக அமுக்கி எடுங்கள். கடையில் படுக்கப் போட்டிருந்ததில் உள்ளே எண்ணெயோடு கலந்த காற்று மேலே போய்விடும். முதல் அழுத்தில் கம்பி 'கொள கொள'வென்று இறங்கும், நான்காவதில் ஒரே சீராகக் கனமாக இறங்கும். அந்த வித்தியாசம் உள்ளங்கையிலேயே தெரியும். ஸ்பிரிங்கை வைக்கும்போது அதன் நுனி, அது உட்காரும் கீழ்த் தட்டில் உள்ள படிக்கட்டு போன்ற இடத்தில் முட்டி உட்கார வேண்டும்.

இனி நான் தவறிய இடம். முதல் தடவை புது புஷ் போட்டுவிட்டு, ட்ரெயிலிங் ஆர்ம், லேட்டரல் ராடு போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போதே முழு பலத்தோடு முறுக்கிவிட்டேன். நான்கே மாதத்தில் பின்னால் 'கிறீச்' சத்தம். புஷ் ரப்பர் விளிம்பெல்லாம் கிழிந்திருந்தது. பாலக்கோட்டில் ஒரு பெரியவர், நாற்பது வருட மெக்கானிக், குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, தொங்கவிட்டு டைட் பண்ணிட்டீங்களா?" என்றுதான் கேட்டார்.

விஷயம் இதுதான். புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது குழாய் சுழலாது, அதோடு ஒட்டிய ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும். அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்து சும்மா நிற்கும்போதே ரப்பர் பிழிந்த துணி மாதிரி முறுகி நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு குழியும் அதைக் கிழிக்கும்.

அதனால் எல்லா போல்ட்டையும் முதலில் கைப்பிடிப்பாக மட்டும் மாட்டுங்கள். பிறகு பாடிக்கு அடியில் இருந்த ஸ்டாண்டுகளை எடுத்து, பின் அச்சின் இரு முனைகளுக்கும் அடியில், சக்கரத்துக்கு அருகில் வைத்து வண்டியை அவற்றின் மேல் மெதுவாக இறக்குங்கள். ஸ்பிரிங் அமுங்கி, வண்டி தரையில் நிற்கும் அதே நிலைக்கு வந்துவிடும். அப்போது சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஷாக்கின் கீழ் போல்ட்டுக்கும் இதே முறைதான்.

சக்கரம் மாட்டி இறக்கியதும், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு ஸ்பிரிங் நுனி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. முதல் ஓட்டத்துக்கு நான் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதைக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவில் பின்பாகம் சொன்னபடி கேட்டது. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்து வேலையை முடித்த அரூர் நண்பர் ஒருவர், இரவில் சாலை வெளிச்சம் குறைந்துவிட்டதாகச் சொன்னார். பல்பில் குறையில்லை. பின்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட் கீழே பார்க்கிறது. நான் எழுத மறந்த வேலை இது. சமதளத்தில் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். மாங்காய் ஏற்றாமல், வழக்கமாகப் போகும் ஆட்களை உட்கார வைத்துச் செய்யுங்கள்.