நியூசிலாந்தில் பெயர்த்து வைத்த வீட்டை வாடகைக்கு விடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நாம் வீடு மாறும்போது சாமான்களை மட்டுமே லாரியில் ஏற்றுகிறோம்; நியூசிலாந்திலோ வீட்டையே ஏற்றிவிடுகிறார்கள். அங்குள்ள பழைய மர வீடுகள் தரைக்கு மேலே குறுந்தூண்களில் நிற்பவை. ஆகவே அவற்றை முழுதாகவோ, இரண்டாக அறுத்தோ பெயர்த்தெடுத்து வேறொரு மனையில் நிறுத்த முடிகிறது. இப்படியொரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட இங்கிருந்தும் சிலர் எண்ணலாம். வெளிநாட்டவர் குடியிருப்பு வீடு வாங்குவதை 2018இல் கட்டுப்படுத்திய அந்நாடு, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்களித்தது. சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் இவ்விலக்கு தங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணி முன்பணம் கட்டிவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மனையை முடிவு செய்யும் முன்பே வீட்டை வாங்கிவிடுவது. பெயர்த்தெடுக்கும் வீடு மலிவாகக் கிடைப்பது உண்மைதான், ஆனால் செலவின் பெரும்பகுதி அதன் அடியில் இருக்கிறது: புதிய தூண்கள், மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு, ஊருக்கு வெளியே என்றால் செப்டிக் டேங்க். வீட்டை அந்த மனையில் நிறுத்த உள்ளூர் கவுன்சிலின் கட்டட அனுமதி வேண்டும். அம்மனையில் இன்னொரு வீட்டுக்கு இடமுண்டா என்பதையும் கவுன்சிலின் திட்ட விதிகளே தீர்மானிக்கும். மனை வரை லாரி வந்து திரும்ப முடியுமா, வழியில் தாழ்வான மின்கம்பிகளும் குறுகிய பாலங்களும் உண்டா என்பதை வீடு பெயர்ப்பவர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகே விலை பேச வேண்டும். படங்களைப் பார்த்து இங்கிருந்தபடியே முடிவெடுப்பது ஆபத்து. பழைய வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அறுக்கும் முன் அதைச் சோதிக்காமல் விட்டால் தொழிலாளர்களின் நுரையீரலுக்கே கேடு.

அடுத்தது நமக்கே உரிய தவறு. வீட்டைக் குளிர்விக்கவே செலவழித்துப் பழகிய நாம், குளிரும் ஈரமும் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை எளிதில் உணர்வதில்லை. 2025 ஜூலை 1 முதல் அங்குள்ள தனியார் வாடகை வீடுகள் அனைத்தும் ‘ஹெல்தி ஹோம்ஸ்’ தரவிதிகளுக்கு உட்பட்டாக வேண்டும். வரவேற்பறையை 18 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கவல்ல, நிலையாகப் பொருத்திய ஹீட்டர், கூரைக்கடியிலும் தரைக்கடியிலும் வெப்பக்காப்பு, சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஆகியவை அவற்றுள் அடங்கும். தரையின் கீழ்ப்பகுதி சுற்றிலும் அடைபட்டிருந்தால், மண்ணின் ஈரம் மேலேறாதபடி தடுப்பு விரிப்பும் வேண்டும். தரைக்கடி வேலைகளை, தூண்களை மறைக்கும் சுற்றுப்பலகை அடிப்பதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. பிறகு ஆள் ஊர்ந்து சென்று செய்ய வேண்டியிருக்கும், கூலியும் கூடும். பயணத்தில் சுவர்ப் பலகைகள் விரிசல் விடுவதும் வழக்கமே என்பதால், வீடு வந்திறங்கிய மறுவாரமே குடியேற்றலாம் என்று வாடகைக்கு நாள் குறித்துவிடாதீர்கள்.

காப்புறுதியை மறப்பவர்களும் உண்டு. சாதாரண வீட்டுக் காப்புறுதி சாலைப் பயணத்துக்கும் பொருந்தும் என்று நம்பாமல், பயணக் காலத்துக்கான காப்பை எழுத்தில் பெறுங்கள்.

வீட்டு உரிமையாளர் தொடர்ந்து 21 நாள்களுக்கு மேல் நியூசிலாந்துக்கு வெளியே இருந்தால், அங்கே ஒரு முகவரை நியமிக்க வேண்டும் என்பது சட்டம். பாசத்தின்பேரில் உறவினர் ஒருவரின் பெயரைக் கொடுத்துவிட்டு, பழுதுபார்ப்பு முதல் வாடகை நிலுவை வரை எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது உறவுக்கும் நல்லதல்ல, குடியிருப்பவருக்கும் நல்லதல்ல. வாடகைப் பணம் சிங்கப்பூருக்கு வராமல் அங்குள்ள வங்கியிலேயே கிடந்தாலும், அதற்கு நியூசிலாந்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.