விடை போட்டும் புள்ளி விழவில்லை

ஒட்டுசுட்டான் பக்கம் மழை இறுக்கினால் சிக்னல் இழுபறிதான். கணினிப் பாட வினாடிவினா செய்த பிள்ளை ஒருத்தி, "சேர், எல்லாத்துக்கும் விடை போட்டனான், புள்ளியே விழேல்லை" என்றாள்.

வினாடிவினா நடந்த 'மூடில்' (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் அமைப்பைத் திறந்தேன். நேரம் முடியுமுன் சமர்ப்பிக்காதது கணக்கில் வராது என்ற தெரிவு கிடந்தது. தொடர்பு அறுந்தாலும் மணிக்கூடு ஓடும். பிள்ளை என்ன செய்வாள்? நேரம் முடிந்ததும் தானாகச் சமர்ப்பிக்கும் தெரிவுக்கு மாற்றினேன். இதற்குச் சர்வரில் 'கிரான்' (cron), அதாவது குறித்த நேரங்களில் வேலைகளைத் தானாகச் செய்விக்கும் நிரல், ஒழுங்காக ஓடவேண்டும், இல்லாவிட்டால் விடைத்தாள் அப்படியே தொங்கும்.

ஒரே பக்கத்தில் குவிந்திருந்த கேள்விகளையும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்தேன். அடுத்த பக்கம் போகும்போதெல்லாம் முந்தைய விடை சேமிக்கப்படும். தானியங்கிச் சேமிப்பும் உண்டு, அதற்கும் தொடர்பு வேண்டுமே!

குறுவிடையில் 'விசைப்பலகை'யோடு 'கீபோட்'டையும் சரியான விடையாகச் சேர்த்தேன். எங்கட பெடியள் அப்படித்தான் எழுதுவினம்.