ஜப்பானில் மூன்று வாரம்: நானும் செய்த, நீங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வாரத்துக்கு ஜப்பான் போகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று ஓடிவிட்டு வருவதைக் குறை சொல்ல முடியாது. மூன்று வாரம் கையில் இருக்கும்போதும் அதே ஓட்டத்தை மூன்று மடங்காக்குகிறோம் பாருங்கள், அதுதான் முதல் தவறு. என் திட்டத்தில் 21 நாளுக்கு 11 ஊர்கள் இருந்தன. ஹோட்டல்களில் பெரும்பாலும் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள்; அடுத்த ஊரில் பகல் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். இடைப்பட்ட நேரமெல்லாம் பெட்டியும் கையுமாக அலைச்சல். இரண்டாம் வாரம் கனசாவா போய்ச் சேர்ந்தபோது, புகழ்பெற்ற கென்ரொகுஎன் தோட்டத்தைவிட அங்கிருந்த பெஞ்சுதான் எனக்கு அழகாகத் தெரிந்தது.

நான்கைந்து ஊர்களில் மட்டும் தங்கி, அங்கிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்புவதுதான் சுகம். கியோட்டோவில் இருந்தால் நாராவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஹிமேஜி கோட்டையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம்.

குறிப்பிட்ட நாள்களுக்கு நாடு முழுக்க ரயிலில் சுற்ற வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரும் ரயில் பாஸை யோசிக்காமல் வாங்குவதும் பழைய காலத்துப் பழக்கம். 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தவரை அது லாபம்தான். 2023 அக்டோபரில் அதை ஒரேயடியாக 50,000 ஆக்கினார்கள். 21 நாள் பாஸ் ஒரு லட்சம் யென் ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கன்சென் என்ற அதிவேக ரயிலில் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். போக வர 28,000. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஓரிடத்தில் நாலு நாள் தங்கினால் பாஸ் பாக்கெட்டிலேயே தூங்கும்.

பெரிய பெட்டியை நீங்களே தூக்கிச் சுமக்கவும் வேண்டாம். அங்கே 'தக்யூபின்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பறையில் பெட்டியைக் கொடுத்து முகவரி எழுதினால், பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஊர் ஹோட்டலில் காத்திருக்கும். நீள, அகல, உயரம் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போகும் பெட்டிக்கு டோக்கியோ–ஒசாகா ஷின்கன்சென்னில் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்கூட்டியே பதிய வேண்டும் என்ற விதியும் உண்டு.

நம்மூர்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், தேதி. பள்ளி விடுமுறை என்று ஏப்ரல் கடைசியில் கிளம்புவோம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே 'கோல்டன் வீக்', ஜப்பானே ஊர் சுற்றக் கிளம்பும் வாரம். அறை வாடகை எகிறும், ரயிலில் இடம் கிடைக்காது. அதைத் தாண்டிப் போகலாம் என்று ஜூனுக்குத் தள்ளினால், வடக்கே ஹொக்கைதோ தவிர மற்ற இடங்களில் மழைக்காலம். மே நடுப்பகுதி நல்லது. பள்ளிக் கவலை இல்லாதவர்களுக்கு நவம்பர் இன்னும் நல்லது.

இனி சாப்பாடு. சைவர்கள் செய்யும் பெரிய தவறு, "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது. கடைக்காரர் சிரித்த முகத்தோடு பன்றி இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே சூப்பைக் கொண்டுவந்து வைப்பார். அவர் கணக்கில் அது சரிதான். அந்தச் சூப்பின் அடிப்படை தாஷி என்ற சாறு. அதில் பெரும்பாலும் கட்சுவோபுஷி இருக்கும். நம் மாசிக்கருவாட்டின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரை மீனை வேகவைத்து, புகை காட்டி, கட்டை போல் இறுகும்வரை காயவைத்து, தச்சரின் இழைப்புளி போன்ற ஒன்றில் மெல்லிய சுருள்களாகச் சீவுவார்கள். மிசோ சூப், உடோன் நூடுல்ஸ், குளிர்ந்த சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைச் சுருள் என்று எல்லாவற்றிலும் அது நுழைந்திருக்கும். எனவே "மீன் தாஷியும் கூடாது" என்று ஜப்பானிய மொழியில் எழுதி செல்பேசியில் வைத்துக் காட்டுங்கள். சிறிய கடைக்காரர் தலை வணங்கி, முடியாது என்று சொல்லிவிடக்கூடும். காலையிலேயே கொதிக்கவைத்த சாறு அது, பிரித்தெடுக்க முடியாது. கோபப்படாமல் அடுத்த கடைக்குப் போங்கள்.

சைவம் நிம்மதியாகச் சாப்பிட கோயாசான் மலைக்குப் போகலாம். 816-இல் கூக்காய் என்ற புத்தத் துறவிக்குக் கிடைத்த மலை. அங்கே கோயில்களிலேயே தங்கலாம். அவர்கள் தரும் 'ஷோஜின் ர்யோரி' என்ற கோயில் சாப்பாட்டில் மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எள்ளில் செய்த தோஃபு ஒன்று தருவார்கள். வாயில் வைத்ததும் கரையும். ஆனால் சாயங்காலம் 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இரவுச் சாப்பாடே ஐந்தரை, ஆறு மணிக்குத்தான். இது கோயிலுக்கு மட்டுமல்ல, 'ர்யோகான்' என்ற பாரம்பரிய விடுதிகளுக்கும் பொருந்தும். மலையூர் ஒன்றில் நான் ஏழேகாலுக்குப் போய் நின்றேன். அடுப்பை அணைத்துவிட்டார்கள். விடுதி அம்மா என்னைவிட அதிகமாக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.

சரி, குக்கர் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அங்கே ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய அரிசி. அறையில் சமைக்கவே கூடாது என்ற விதி இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. சூப்பர் மார்க்கெட்டில், சுடவைத்தால் போதும் என்ற நிலையில் சோறு பாக்கெட்டில் கிடைக்கிறது. ஊறுகாய் மட்டும் எடுத்துப் போங்கள்.

சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைப்பது அப்படித்தான். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பு பொறுக்கும் சடங்கு அங்கும் உண்டு; அதைக் குச்சிகளால் செய்கிறார்கள். நமக்கு இது சொல்லாமலே புரியும்.

வெந்நீர் ஊற்றுக் குளியலில் குற்றாலத்துப் பழக்கம் செல்லாது. முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும், அதுவும் உடையில்லாமல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் தனித்தனி. முதல் ஐந்து நிமிடம்தான் கூச்சம். பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் அனுமதி இல்லை. கினோசாகி ஊரின் பொதுக் குளியலகங்களில் தடையில்லை.

கடைசியாக, ஃபூஜி. கோடையில் டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். 3,776 மீட்டர் மலை மொத்தமும் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். குளிர்காலத்தில்தான் தெளிவாகத் தெரியும். எந்த மாதமானாலும் கவாகுச்சி ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்குங்கள். எனக்கு முதல் நாள் முழுக்க வெள்ளைத் திரைதான். மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு ஜன்னலைத் திறந்தேன், முழு மலையும் நின்றது. ஒன்பது மணிக்குத் திரும்பவும் மூடிக்கொண்டது. பத்து மணி பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.